ஒட்டுகளின் ஏடு: முகலாய முரக்காவும் வெட்டி ஒட்டும் கலையின் மறந்த வரலாறும்

வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடத்தில் ஒரு தாள் உள்ளது. அதன் நடுவே பாரசீக வனப்பெழுத்து. சுற்றியுள்ள அகன்ற ஓரத்தில் பொன்னும் மெல்லிய வண்ணமும் கொண்டு தீட்டிய சில மனிதர்கள். ஒருவர் தாளை மெருகிடுகிறார். ஒருவர் ஏட்டின் விளிம்பை வெட்டிச் சீர்செய்கிறார். ஒருவர் தோலட்டையில் அணிவேலை பதிக்கிறார். இன்னொருவர் நூலை வைத்துப் படிப்பதற்கான மரத்தாங்கியைச் செய்கிறார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜஹாங்கீருக்காக உருவான 'குல்ஷன் முரக்கா' என்னும் பெருந்தொகுப்பிலிருந்து பிரிந்து சென்ற தாள் அது. ஓர் ஏடு, தான் உருவான விதத்தைத் தன் ஓரத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. அந்த ஏடு இன்று முழுமையாக ஓரிடத்தில் இல்லை என்பதும் அதே தாள் சொல்லும் செய்தி.

கலை வரலாற்றுப் பாடநூல்களில் 'கொலாஜ்' என்னும் ஒட்டுக்கலை பெரும்பாலும் 1912இல் தொடங்குகிறது. அவ்வாண்டில் பிக்காஸோ நாற்காலிப் பிரம்புப் பின்னலின் அச்சுப்படம் கொண்ட எண்ணெய்த்துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டினார்; பிராக் மரக்கோலம் அச்சிட்ட காகிதத்தை வெட்டி ஒட்டினார். அதற்கு முந்தைய ஒட்டுவேலைகளெல்லாம் பொழுதுபோக்கு, குடும்ப ஆல்பம், பள்ளி மாணவரின் 'ஸ்கிராப் புக்' என்ற வகைகளில் ஒதுக்கப்படுகின்றன. எழுத்து, ஓவியம், அச்சுப்படம், பொற்பொடி, வண்ணத்தாள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் இணைத்து, அதை உயர்ந்த அறிவுச் செயலாகவே கருதிய ஒரு மரபு ஹெராத், தப்ரீஸ், ஆக்ரா, டெல்லி, பீஜப்பூர் என ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் வாழ்ந்தது. அந்த மரபின் பெயர் முரக்கா.

*

பெயரிலிருந்தே தொடங்கலாம். 'முரக்கா' என்பது அரபுச் சொல். அதன் வேர் ர–க–ஐன் என்னும் மூன்று மெய்களால் ஆனது. அடிப்படைப் பொருள் ஒட்டுப்போடுதல், கிழிசலைத் தைத்தல். இதே வேரிலிருந்து 'ருக்ஆ' என்ற சொல் பிறக்கிறது. அதற்குத் துணித்துண்டு என்றும் பொருள். காகிதத் துண்டு, சிறு கடிதம் என்றும் பொருள். உருதுவிலும் இந்தியிலும் வழங்கும் 'ருக்கா' என்ற சொல் இதன் வழிவந்ததே. சூஃபிகள் அணிந்த, பல கந்தல்களை இணைத்துத் தைத்த அங்கிக்கும் இதே வேரிலிருந்து பெயர் அமைந்தது. ஆக, துறவியின் கந்தலாடையும் பேரரசனின் பொன்னேடும் ஒரே சொல்லுக்குள் நிற்கின்றன.

தமிழில் 'ஒட்டு' என்ற சொல்லும் இவ்வாறே இரு திசைகளில் விரிகிறது. கிழிந்த துணியில் போடுவதும் ஒட்டு. ஒரு மரத்தின் கிளையை இன்னொரு மரத்தில் பொருத்தி வளர்ப்பதும் ஒட்டு. முதலாவதில் இணைப்பு என்றும் இணைப்பாகவே தெரியும். இரண்டாவதில் ஒட்டிய இடம் தழும்பாக எஞ்சினாலும் மரம் ஒன்றாகிவிடும். முரக்காவைப் புரிந்துகொள்ள இந்த இரு பொருளும் தேவை. அது துண்டுகளின் தொகுப்பு. ஆனால் துண்டுகளுக்குள் புதிய உயிர் ஓடவேண்டும் என்ற எதிர்பார்ப்போடு அமைந்த தொகுப்பு.

இந்தச் சொல் பின்னாளில் ஏட்டை விட்டு வெளியேறியது. 1730களின் இறுதியில் தக்காணத்திலிருந்து டெல்லி சென்ற தர்கா குலி கான் அந்நகரின் மனிதர்களையும் விழாக்களையும் பாரசீகத்தில் எழுதிவைத்தார். அந்நூல் பிற்காலத்தில் 'முரக்கா-இ-தெஹ்லி' என்ற பெயரால் அறியப்பட்டது. அதில் ஒட்டிய தாள் எதுவும் இல்லை. சொல்லோவியங்களே வரிசையாக நிற்கின்றன. ஒரு நகரத்தைத் துண்டுகளாகக் கண்டு அடுக்குவதற்கும் இப்பெயர் பொருந்தியது.

*

முரக்கா மரபு இந்தியாவில் தோன்றியதன்று. தைமூரிய, சஃபவி அரசவைகளில் அது செழித்தது. சஃபவி இளவரசர் பஹ்ராம் மிர்ஸாவுக்காக தூஸ்த் முஹம்மது 1544–45இல் தொகுத்த ஏடு இஸ்தான்புல்லின் தோப்காப்பி நூலகத்தில் உள்ளது. அதற்கு அவர் எழுதிய முன்னுரை, வனப்பெழுத்தாளர், ஓவியர் ஆகியோரின் ஆசிரிய–மாணவப் பரம்பரையைக் கூறுகிறது. தொகுப்பவர் கத்தியும் பசையும் கையாளும் வினைஞர் மட்டுமல்லர், கலையின் வரலாற்றாசிரியரும் ஆவார் என்பதற்கு அது சான்று.

1549இல் மீர் சையத் அலி, அப்துஸ் ஸமத் ஆகிய ஈரானிய ஓவியர்கள் காபூலில் ஹுமாயூனின் அவைக்கு வந்து சேர்ந்தனர். அவர்களோடு இம்மரபும் வந்தது எனலாம். இளம் அக்பர் தம் தந்தைக்கு ஓர் ஓவியத்தை அளிக்கும் காட்சியை அப்துஸ் ஸமத் தீட்டினார். அரை நூற்றாண்டுக்குப் பின் அது குல்ஷன் முரக்காவில் இடம்பெற்றது. தாத்தாவின் காலத்து ஓவியத்தைப் பேரன் தன் ஏட்டில் ஒட்டுகிறான். குடும்ப ஆல்பம் என்ற இன்றைய கருத்துக்கு இது அத்தனை தொலைவில் இல்லை.

மூன்றாவது ஓடை கடல்வழி வந்தது. 1580இல் ஃபதேபூர் சிக்ரிக்கு வந்த இயேசு சபைத் துறவிகள், ஆண்ட்வெர்ப் நகரில் பிளாண்டின் அச்சிட்ட பன்மொழி விவிலியத்தை அக்பருக்கு அளித்தனர். அதன் செதுக்கோவியங்களும், தொடர்ந்து வந்த ஐரோப்பிய அச்சுப்படங்களும் அரச ஓவியக்கூடத்தில் பாடங்களாயின. ஜெர்மானியக் கலைஞர் ட்யூரரின் 1511ஆம் ஆண்டுச் சிலுவைக் காட்சியிலிருந்து புனித யோவானின் உருவத்தை மட்டும் எடுத்து அபுல் ஹசன் 1600இல் வரைந்தார். அப்போது அவர் பதின்மூன்று வயதுச் சிறுவர். அந்தக் கோட்டோவியம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. குல்ஷன் ஏட்டில் நாதிரா பானு என்ற பெண் ஓவியரும் ஐரோப்பியச் செதுக்கோவியத்தைப் படியெடுத்திருக்கிறார். அவர் அபுல் ஹசனின் தந்தை ஆகா ரிஸாவின் மாணவி.

படியெடுத்தலோடு இது நிற்கவில்லை. அச்சுப்படங்களே வெட்டப்பட்டு, சில வேளை வண்ணம் ஏற்றப்பட்டு, முகலாய ஓவியங்களுக்கு அருகில் ஒட்டப்பட்டன. ஆண்ட்வெர்ப்பில் வழிபாட்டுக்காக அச்சான படமும் ஹெராத்தில் எழுதிய கவிதை வரியும் ஆக்ராவில் தீட்டிய பூவும் ஒரே ஏட்டுக்குள் அருகருகே வந்தன. இன்று 'கலப்பு ஊடகம்' என்று அழைக்கப்படுவதை இதைவிடத் துல்லியமாகச் செய்து காட்டுவது அரிது.

*

செய்முறையைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது. ஏனெனில் முரக்காவின் பொருள் அதன் வினையிலேயே பொதிந்துள்ளது.

அடித்தளம் 'வஸ்லி'. இச்சொல்லுக்கும் இணைத்தல் என்பதே வேர்ப்பொருள். பல மெல்லிய தாள்களை மாவுப்பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அழுத்தி, உலர்த்திக் கெட்டியான அட்டையாக்குவர். பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது இன்றும் வஸ்லி செய்வோரிடம் உள்ள வழக்கம். உலர்ந்த அட்டையை வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகிடுவர். ஃப்ரீர் தாளின் ஓரத்தில் குனிந்து தேய்க்கும் மனிதர் செய்வது இதைத்தான்.

அடுத்தது வெட்டுதல். ஓவியமோ எழுத்தோ தன் பழைய தாளிலிருந்து பிரிக்கப்படும். பக்கத்தின் அளவுக்குச் சிறியதாக இருந்தால், அரசவை ஓவியர் அதன் விளிம்பிலிருந்து நிலத்தையும் வானத்தையும் நீட்டித் தீட்டுவார். பழைய ஓவியரின் மரம் புதிய ஓவியரின் மலையடிவாரத்தில் நிற்கும். சுற்றிலும் வெற்றிடம் இருந்தால், கவிதைகளைப் பட்டைகளாக வெட்டி அதில் பதிப்பர். இப்பட்டைகளின் பாடலுக்கும் நடுவிலுள்ள படத்துக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை என்பதை, ஷாஜஹான் கால ஏடுகளை ஆராய்ந்த அன்னமேரி ஷிம்மல் எடுத்துக்காட்டியுள்ளார். எழுத்து இங்கே படிப்பதற்கு முன்பே பார்ப்பதற்குரியது. சொல் தன் பொருளைச் சற்றே தள்ளிவைத்துவிட்டு வடிவமாக வந்து நிற்கிறது.

பிறகு 'ஜத்வல்': பொன்னாலும் வண்ணங்களாலும் இழுத்த நேர்கோடுகள். இரு தாள்கள் சந்திக்கும் விளிம்பு இக்கோடுகளின் கீழ் மறையும். அதற்கு வெளியே 'ஹாஷியா' என்னும் அகன்ற ஓரம். குல்ஷன் ஏட்டில் வனப்பெழுத்துப் பக்கங்களின் ஓரத்தில் மனித உருவங்கள் வருகின்றன. ஷாஜஹான் காலத்தில் மலர்ச்செடிகள் ஓரமெங்கும் நிறைகின்றன. சில ஓரங்களில் பொற்பொடி தூவப்பட்டது. நீர்மேல் மிதக்கும் வண்ணத்தைத் தாளில் ஏந்தி எடுக்கும் 'அப்ரி' முறையும் வழங்கியது. பீஜப்பூரில் அது ஓரத்தை விட்டு நடுவுக்கே வந்தது. மெலிந்த குதிரையின் உடல் முழுவதும் அப்ரி அலைகளால் ஆன 17ஆம் நூற்றாண்டுத் தக்காண ஓவியங்கள் உள்ளன. உருவம் விழவேண்டிய பகுதியைத் தவிர மற்றதை மறைத்துவிட்டு வண்ணத்தில் தோய்க்கும் நுட்பம் அது. எழுத்துகளையே காகிதத்தில் கத்தரித்து ஒட்டும் 'கதாஈ' கலையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

இறுதியில் அடுக்குமுறை. இரண்டு ஓவியப் பக்கங்கள் எதிரெதிரே. புரட்டினால் இரண்டு எழுத்துப் பக்கங்கள் எதிரெதிரே. தாரா ஷிகோவின் ஏட்டில் இளவரசனுக்கு எதிரே இளவரசன் அல்லது இளவரசி, பறவைக்கு எதிரே பறவை, பூவுக்கு எதிரே பூ என இணைகள் அமைந்துள்ளன. ஒரு பக்கம் தனியே முழுமையன்று. எதிர்ப்பக்கத்தோடு சேரும்போதே அது பேசுகிறது.

ஒட்டுவேலை செய்தோரின் நிலையையும் இங்கே குறிப்பிடவேண்டும். ஜஹாங்கீரின் ஆணைப்படி, ஓவியர் தௌலத் குல்ஷன் ஏட்டின் ஓரமொன்றில் மனோகர், பிஷன்தாஸ், கோவர்தன், அபுல் ஹசன் ஆகிய சக ஓவியரின் உருவங்களையும் தம் உருவத்தையும் தீட்டினார். ஒரே படத்தில் பலர் கைவைத்திருந்தாலும் எந்தப் பகுதி எவருடையது என்று தம்மால் கண்டறிய முடியும் என ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் பெருமையோடு கூறுகிறார். ஆகவே இணைப்புகளைக் கோடுகளால் மறைத்த இதே பண்பாடு, இணைப்புகளைக் காணத் தெரிந்த கண்ணையும் போற்றியது.

*

ஒட்டுதலின் வரலாற்றை எழுதுவோர் வெட்டுதலின் வரலாற்றையும் எழுதியாக வேண்டும்.

தாரா ஷிகோ 1640களில் தம் மனைவி நாதிரா பானு பேகத்துக்கு ஓர் ஏட்டை அன்பளிப்பாக அளித்தார். (இவர் முன்னர்க் குறிப்பிட்ட ஓவியர் அல்லர், பெயர் மட்டும் ஒன்று.) அது இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. 1659இல் ஔரங்கசீப்பின் ஆணையால் தாரா கொல்லப்பட்டார். அவரது அன்பளிப்புக் குறிப்பின்மேல் பின்னர் பொன் பூசப்பட்டது. அழகுக்காகப் பயன்பட்ட அதே பொன், பெயரை மறைக்கவும் பயன்பட்டது. ஆனால் பூச்சையும் மீறி எழுத்து முற்றாக மறையவில்லை. அதனாலேயே ஏடு எவருடையது என்று இன்று அறிய முடிகிறது.

1739இல் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடினார். அப்போது சென்ற செல்வங்களோடுதான் குல்ஷன் முரக்காவும் ஈரானுக்குப் போயிருக்கவேண்டும் என்று கருதப்படுகிறது. அதன் பெரும்பகுதி தெஹ்ரானின் குலிஸ்தான் அரண்மனை நூலகத்தில் உள்ளது. அதே தொகுதியைச் சார்ந்த 25 தாள்கள் பெர்லினில் உள்ளன. 1860களின் தொடக்கத்தில் பிரஷ்யத் தூதுக்குழுவோடு ஈரான் சென்ற எகிப்தியவியலாளர் ஹைன்ரிக் புருக்ஷ் வழியாக அவை அங்குச் சென்றன. மேலும் சில தாள்கள் உலகின் பல கலைக்கூடங்களில் தனித்தனியே தொங்குகின்றன.

வியன்னாவின் ஷோன்ப்ருன் அரண்மனையில் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. 1760களில் பேரரசி மரியா தெரேசா அங்கே ஓர் அறையை விலையுயர்ந்த மரப்பலகைகளால் அணிசெய்தார். பொன்முலாம் பூசிய சட்டங்களுக்குள் பதிக்க முகலாய நுண்ணோவியங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அரச குடும்பத்தாரே அவற்றை வெட்டி, பல படங்களின் துண்டுகளை ஒன்றாக ஒட்டிப் புதிய காட்சிகளை அமைத்தனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் இவற்றையொத்த முகலாய ஓவியங்களைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட கோட்டோவியங்களை வரைந்திருந்தார். ஒருவர் பார்த்து வரைந்தார். இன்னொருவர் வெட்டிச் சுவரில் பதித்தார்.

இந்த இடத்தில் எளிய தீர்ப்பு ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது: முகலாயர் செய்தது கலை, ஹாப்ஸ்பர்க் குடும்பத்தார் செய்தது சிதைவு. வரலாறு அதற்கு இடங்கொடுப்பதில்லை. மீர் அலி ஹெராத்தியின் கையெழுத்துத் தாள்களை ஜஹாங்கீரின் ஏட்டுக்காக வெட்டியவரும் ஒரு முழுமையைக் கலைத்தவரே. விவிலியப் படத்தை அதன் வழிபாட்டுச் சூழலிலிருந்து பெயர்த்து, ஒரு பேரரசின் அலங்காரமாக்கியதும் பெயர்த்தலே. வெட்டாமல் ஒட்டுக்கலை இல்லை. அப்படியானால் எதை வைத்து வேறுபடுத்துவது?

ஓர் அளவுகோல் முரக்கா மரபிலேயே கிடைக்கிறது. முரக்கா தன் துண்டுகளை எதிரெதிரே நிறுத்தியது. எழுதியவர் பெயரையும் தீட்டியவர் பெயரையும் பல இடங்களில் காத்தது. முன்னுரை எழுதி அவர்தம் பரம்பரையைச் சொன்னது. துண்டுக்கு அது ஒரு முகவரி கொடுத்தது. ஷோன்ப்ருன் சுவரில் துண்டுகள் அழகாக உள்ளன. ஆனால் அவற்றின் எதிர்ப்பக்கமும் பின்பக்கமும் இல்லாமற் போயின.

வணிகம் செய்தது இதைவிடக் கடுமையானது. ஷாஜஹானின் இறுதிக்காலத்து ஏடொன்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸின் கலைப்பொருள் வணிகர் ஜார்ஜ் தெமோத்திடம் சென்றது. அவர் அதைத் தாள் தாளாகப் பிரித்தார். தாளின் இரு முகங்களையும்கூடப் பிளந்து தனித்தனிப் பொருள்களாக்கினார். பசையால் சேர்ந்த வஸ்லி பசை விட்டால் பிரியும் என்பதே அவருக்கு உதவியது. 1925இல் மிண்டோ ஏடு லண்டனில் ஏலம் போய் இரண்டாகப் பிரிந்தது. இன்று கெவோர்க்கியன் ஏடு எனப்படுவது 1929இல் ஸ்காட்லாந்தின் பழம்பொருள் கடை ஒன்றில் நூறு பவுனுக்கும் குறைவாக விலைபோய், பின்னர் லண்டன் ஏலத்தில் 10,500 பவுன் பெற்றது. அதில் ஜஹாங்கீர், ஷாஜஹான் காலத்து மூலங்களோடு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய படிகளும் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் பின்னர் பிரித்தறிந்தனர். போலி என்று அவற்றை ஒதுக்குவோர் உண்டு. முகலாய ஆட்சி ஒடுங்கிய டெல்லியில் முரக்கா செய்யும் கை இன்னும் ஓயவில்லை என்பதற்கும் அவையே சான்று.

*

இன்றைய அருங்காட்சியகத்தில் முரக்காத் தாள் ஒரு சட்டத்துக்குள் ஒற்றை முகமாகத் தொங்குகிறது. பார்வையாளர் அதை ஓர் ஓவியம் என்று காண்கிறார். ஒரு பக்கம் என்று காண்பதில்லை. கலை வரலாற்று நூல்களில் நிலைமை இன்னும் குறுகலானது. பல நூல்களில் நடுப்படம் மட்டும் அச்சாகிறது, ஹாஷியா வெட்டப்பட்டுவிடுகிறது. அச்சகத்தின் கத்தி தெமோத்தின் கத்தியைத் தொடர்கிறது. 'மிக்ஸட் மீடியா' பற்றிய வகுப்பில் முரக்கா இடம்பெறாமைக்கு இதுவும் ஒரு காரணம்: ஒட்டுகளை வெட்டிவிட்டு ஓவியத்தை மட்டும் கற்பித்தால், ஒட்டுக்கலை எங்கே தென்படும்?

'கொலாஜை நாங்களே முதலில் கண்டோம்' என்ற உரிமைக் குரலுக்கு இவ்வரலாற்றில் வேலையில்லை. பிக்காஸோவின் ஒட்டு, பிரிந்திருப்பதைப் பிரிந்ததாகவே காட்டியது. முரக்காவின் ஒட்டு, பிரிந்ததைப் பொற்கோட்டுக்குள் ஒன்றாகக் காட்டியது. இரண்டும் வேறு வினாக்களுக்கான விடைகள். தமிழின் இரு 'ஒட்டு'களைப் போல ஒன்று தையலைத் தெரியவிடுகிறது, மற்றது தழும்பை மரமாக்கப் பார்க்கிறது. இரண்டையும் ஒரே பாடத்தில் வைத்து ஒப்பிடாதவரை ஒட்டுக்கலையின் வரலாறு பாதியாகவே நிற்கும்.

ராம்பூரின் ரஸா நூலகத்தில் பல முரக்காக்கள் இந்திய மண்ணிலேயே உள்ளன. பெர்லினிலும் வாஷிங்டனிலும் உள்ள தாள்களின் உருப்படிவங்கள் இணையத்தில் காணக் கிடைக்கின்றன. பிரிந்த தாள்களுக்கு அவற்றின் எதிர்ப்பக்கத்தைத் தேடுவது இனி பசையும் கத்தியும் இன்றியே நடக்கக்கூடிய வேலை. அதற்குப் பாரசீகம் படிக்கத் தெரிந்தவர், தாள் அறிந்தவர், ஓவியம் அறிந்தவர், அச்சுப்படம் அறிந்தவர் ஆகியோர் ஒரே மேசையில் அமரவேண்டும். ஃப்ரீர் தாளின் ஓரத்தில் நானூறு ஆண்டுகளாக அமர்ந்திருப்பவர்களும் அவ்வாறே ஆளுக்கொரு வேலையாக, ஒரே ஏட்டுக்காக அமர்ந்திருக்கின்றனர்.